லோகுவை நிற்க வைத்தவள்

கிட்ட வந்து உட்கார், மனசே. சின்னப் பிள்ளைகளுக்கு அடித்த பெஞ்சு இது, முட்டி மேசையில் இடிக்கிறது, இருந்தாலும் உனக்கும் எனக்கும் இடம் இருக்கிறது. எழுந்து ஓடாதே. டீச்சர் இப்போது ஒரு சொல் சொன்னாரே, உன் காதிலும் விழுந்ததா? ஹோனே என்றார். எலும்பு. நான் யாருக்கும் தெரியாமல் பொத்திப் பொத்தி வைத்திருக்கிற சொல் அது. எப்படி அவர் வாய்க்குப் போனது? அது எனக்கு எதற்கு என்று நான் சொல்லவில்லை. இந்தச் சமுதாயக் கல்லூரியில் சாயங்கால வகுப்பில் சேர வந்தபோது, இந்த வயசில் ஜப்பான் பாஷை எதற்கு என்று சுகிர்தா டீச்சர் கேட்டார். மருமகள் அந்த ஊர்க்காரி, அவளோடு பேச வேண்டும் என்றேன். அதில் பொய் இல்லை. மகன் லோகு வேலைக்கு என்று அங்கே போனதும், மெகுமி என்கிற அந்த ஊர்ப் பெண்ணைக் கட்டிக்கொண்டதும் இங்கே எல்லாருக்கும் தெரியும். போன மழைக்காலத்தில் ஒரு நாள் காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தவன் எழுந்திருக்கவில்லை என்பதும் தெரியும். தெரியாதது ஒன்றுதான். அவனை எரித்த எலும்பு இன்னும் அவள் வீட்டு அலமாரியில் ஒரு ஜாடிக்குள் இருக்கிறது. வீட்டுக்குள். அவள் சமைத்துச் சாப்பிடுகிற வீட்டுக்குள். அதைத் திருப்பிக் கேட்கத்தான் நான் படிக்கிறேன் என்று எப்படிச் சொல்வது? அதனால் ஒவ்வொரு சொல்லாகத் திருடினேன். முட்டி வலிக்குது டீச்சர், எலும்புக்கு என்ன பேரு என்று ஒரு நாள். மாமல்லபுரத்துக்கு வருகிற ஜப்பான்காரர்களிடம் கடலைக் காட்டிப் பேச வேண்டுமென்றால் என்ன சொல்ல வேண்டும் என்று ஒரு நாள். கூடப் படிக்கிற ரியாஸ் என் பேனாவை வாங்கிப் பையில் போட்டுக்கொண்ட அன்றைக்கு, திருப்பிக் கொடுடா என்று இவனை ஜப்பான் பாஷையில் எப்படித் திட்டுவது டீச்சர் என்றேன், வகுப்பே சிரித்தது, எனக்கு வேண்டியதும் கிடைத்தது. எழுதத்தான் எனக்கு வராது. அந்த எழுத்தெல்லாம் குருவிக்கூட்டைப் பிய்த்துப் போட்டதுபோல் இருக்கிறது. காது மட்டும் விட்டதில்லை. ஒரு தரம் விழுந்தால் விழுந்ததுதான். எலும்பு, கடல், மகன், திருப்பிக் கொடு. கோத்து வைத்திருக்கிறேன். இன்றைக்கு வகுப்பு முடிகிற நேரத்துக்கு அவள் வீடியோவில் கூப்பிடுவாள். லோகுவோடு அங்கே வேலை செய்த, எப்போதும் நடுவில் நின்று இரண்டு பாஷையிலும் மாற்றி மாற்றிச் சொல்கிற ஆம்பூர்ப் பையன் இன்றைக்கு இல்லை. நானே கேட்கப் போகிறேன். இடுப்பில் செருகின போன் சூடாக இருக்கிறது, என் உடம்புச் சூடுதான்.

இந்த நேரம் பார்த்து டீச்சர் எலும்பு என்கிறார். இல்லை, புத்தகத்தில் இருப்பதைத்தான் படிக்கிறார். மெதுவாகத் தலையைத் தூக்கிப் பார்க்கிறேன், அவர் என்னைப் பார்க்கவில்லை. சுகிர்தா டீச்சர் அங்கே ரொம்பக் காலம் இருந்துவிட்டு வந்தவர், குனிந்து வணக்கம் சொல்வதுகூட அந்த ஊர்ப் பழக்கம்தான், பால்காரனுக்கும் குனிவார். "அன்னைக்கு நான் ஏன் மேசையைத் தட்டினேன்னு கேட்டீங்க இல்ல, அதுக்குப் பதில் இந்தப் பாடத்துல இருக்கு" என்கிறார். அன்றைக்கு என்றால், சாப்பாட்டு முறை பழகின அன்றைக்கு. ஆளுக்கு இரண்டு மூங்கில் குச்சி கொடுத்திருந்தார், கேன்டீனிலிருந்து மசால்வடை வந்தது. எனக்கு வடை குச்சியில் நிற்கவே இல்லை, உருண்டு உருண்டு ஓடியது. ரியாஸ்தான், ஐடிஐ முடித்துவிட்டு ஜப்பானுக்குப் போகக் காத்திருக்கிற பையன், "பெரிம்மா, நீங்க பசியில போயிடுவீங்க, இந்தாங்க" என்று தன் குச்சியில் ஒரு துண்டை எடுத்து நீட்டினான். நானும் என் குச்சியால் வாங்கிக்கொண்டேன், முதல் தடவையாக ஒழுங்காக நின்றது. டீச்சர் மேசையைத் தட்டின சத்தத்தில் துண்டு கீழே விழுந்துவிட்டது. "அது மட்டும் கூடாது. குச்சியில இருந்து குச்சிக்குக் கொடுக்கவே கூடாது. அங்க யாராவது பார்த்தா எழுந்து போயிடுவாங்க." நம் வீட்டில் ஊட்டிவிடாத சோறு சோறா? கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் ஊட்டச் சொல்லித்தானே சுற்றி நின்று கத்துகிறோம்? ஏன் கூடாது என்று எல்லோரும் கேட்டோம். பிறகு சொல்கிறேன் என்று விட்டுவிட்டார். இன்றைக்குச் சொல்கிறார். ஒரு பெண் தன் அப்பா செத்த அன்றைக்கு நடந்ததை எழுதின பக்கமாம். ஒரு வரி அந்தப் பாஷையில் படிக்கிறார், ஒரு வரி தமிழில் சொல்கிறார். எரித்து முடித்ததும் இரும்புத் தட்டை வெளியே இழுக்கிறார்களாம். எலும்பு வெள்ளையாக அப்படியே கிடக்குமாம். சொந்தக்காரர்கள் சுற்றி நிற்பார்களாம், கையில் ஆளுக்கு இரண்டு குச்சி, ஒன்று மூங்கில், ஒன்று வேறு மரம். ஒரு எலும்பை ஒருத்தர் மட்டும் எடுக்கக் கூடாதாம். எதிரும் புதிருமாக இரண்டு பேர் நின்று, இரண்டு பேர் குச்சியும் ஒரே எலும்பைப் பிடித்து, சேர்ந்து தூக்கி ஜாடிக்குள் வைக்க வேண்டுமாம். "அதான். அந்த ஒரு வேலைக்கு மட்டும்தான் ரெண்டு பேர் குச்சி ஒண்ணா சேரும்." ரியாஸ் பக்கத்து வரிசையிலிருந்து திரும்பி என்னைப் பார்க்கிறான். "பெரிம்மா, அப்ப அன்னைக்கு நான் உங்களுக்குக் கொடுத்தது வடை இல்ல" என்கிறான், சிரிக்க ஆரம்பித்தவன் என் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டான். என் முகத்தில் என்ன இருந்ததோ.

சரக்கு வண்டி வருகிறது. செங்கல்பட்டு ஸ்டேஷனைத் தாண்டி ஏரிக்கரையோரம் போகிற வண்டி, அது போகிறவரை வகுப்பு நின்றே ஆக வேண்டும். டீச்சர் விரலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். தடக் தடக் என்று பெட்டி பெட்டியாக நெஞ்சுக்குள் ஏறிப் போகிறது. வீட்டுக்காரர்கள் எடுப்பார்களா? வெட்டியான் இல்லையா அங்கே? பெண் எழுதினது என்றாரே டீச்சர், அப்படியானால் பெண்ணுமா நிற்கிறாள் அங்கே? மெகுமி நின்றாளா? என் வீட்டுக்காரர் போன அன்றைக்கு நான் எதுவரை போனேன்? தெருமுனை. அதுவரைதான். மோளம் முனை திரும்பிப் போய்விட்டது, பாடை திரும்பிப் போய்விட்டது, என்னைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு வந்து தலையில் தண்ணீரை ஊற்றினார்கள். பொம்பளை சுடுகாட்டுப் பக்கம் தலை காட்டக் கூடாது. மறுநாள் பால் தெளிக்கப் போனது லோகுவும் என் தம்பி ஏகாம்பரமும். என் மாட்டுப் பால்தான். இந்த ஊரில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் மறுநாள் விடியலில் சொம்போடு என் வாசலில்தான் வந்து நிற்பார்கள், காசு வாங்காமல் கறந்து கொடுப்பேன், ஆனால் அந்தப் பால் எதன்மேல் விழுகிறது என்று நான் பார்த்ததே இல்லை. எப்படி இருந்தார் உங்கப்பா என்று லோகுவைக் கேட்டேன். "என்னாம்மா கேக்கிற, சாம்பல்தான்" என்று குளிக்கப் போய்விட்டான். அதற்குள் சாம்பலைக் கலயத்தில் கட்டிக்கொண்டு போய் நேராகக் கடலில் கரைத்துவிட்டு வந்திருந்தார்கள், கலயம் வீட்டு வாசலைக்கூட மிதிக்கவில்லை. நமக்கு அதுதானே மரியாதை, சீக்கிரம் கரைத்து சீக்கிரம் அனுப்புவது. வண்டி போய்விட்டது. கடைசிப் பெட்டியின் சத்தம் தேய்ந்து தேய்ந்து ஏரிப் பக்கம் கரைகிறது. டீச்சர் விரலை எடுத்துவிட்டுத் தொடர்கிறார். முதலில் கால் எலும்பாம்.

கால் எலும்பை முதலில் போடுவார்களாம். பிறகு முழங்கால், இடுப்பு, முதுகு, கை, கடைசியில் தலை. ஏன் என்றால், ஜாடிக்குள் அவர் நிற்க வேண்டுமாம். தலைகீழாகப் போய்விடக் கூடாதாம். அந்தப் பெண் எழுதுகிறாளாம், அப்பாவின் தொண்டை எலும்பு ஒன்று இருந்தது, பார்த்தால் சின்னதாக ஒருவர் கைகூப்பி உட்கார்ந்திருக்கிற மாதிரியே இருந்தது, அதைக் கடைசியாகத்தான் வைத்தோம் என்று. பிறகு வீட்டுக்குக் கொண்டுபோய், ஒரு விசேஷமான இடத்தில் வைத்து, தினமும் காலையில் புதுச் சோறும் தண்ணீரும் வைத்து, போய்விட்டு வருகிறேன் என்று அதனிடம் சொல்லிவிட்டுத்தான் வேலைக்குப் போவார்களாம். "நல்ல நாள் பார்த்து அப்புறம்தான் கல்லறைக்குக் கொண்டு போவாங்க. சில பேருக்கு மனசு வராது. வருஷக்கணக்கா வீட்டுலயே வச்சிருப்பாங்க." பின்பெஞ்சில் ஒரு பெண் "ஐயோ டீச்சர், பயமா இருக்காதா" என்கிறாள். "உன் புருஷன்கிட்ட உனக்கு என்ன பயம்" என்கிறார் டீச்சர். மூச்சு விடு, மனசே. விடு. அவன் நிற்கிறானா உள்ளே? என் லோகு நிற்கிறானா? நான் அவனைப் பரணில் போட்ட உடைசல் மாதிரி அல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன். அலமாரி என்றான் அந்த ஆம்பூர்ப் பையன், அலமாரி என்றால் எனக்குத் துணி வைக்கிற அலமாரிதான் கண்ணுக்குள் வந்தது, அந்துருண்டை வாசனைகூட வந்தது. ஏகாம்பரம் வேறு தினமும் வந்து உட்கார்ந்துகொண்டு, "பார்த்தியாக்கா, எலும்பைப் புடிச்சி வச்சிக்கினு நம்மள ஆட்டி வைக்கிறா, ஆவி அலையுது, அதான் உன் செவலைப் பசுவுக்குக் கன்னு தங்கல" என்பான். கல்நெஞ்சக்காரி என்று நானும் சேர்ந்து திட்டினேன், அடுப்பை ஊதிக்கொண்டே திட்டினேன், மாட்டிடம் சொல்லித் திட்டினேன்.

ஏகாம்பரம். ஆமாம், அன்றைக்கு அவன் என்ன சொன்னான்? லோகுவை எரித்த அன்றைக்குப் போன் வந்தது, ஆம்பூர்ப் பையன் நடுவில், அந்தப் பக்கம் அவள். எலும்பை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள் என்று அவன் சொன்னதும் இங்கே வீடே கொதித்தது. ஏகாம்பரம் போனைப் பிடுங்கி, "தம்பி, நான் சொல்றத அப்படியே சொல்லு, ஒரு சொல்லும் விடாத. வீட்டுக்குள்ள வைக்காதே. உடனே வெளியே எடு. வாசல்ல மரம் இருந்தா அதுல கட்டித் தொங்கவிடு. விடிஞ்சதும் கடல்ல கொட்டிடு" என்றான். நம் ஊரில் அதில் ஒரு தப்பும் இல்லை. கலயத்தை மரத்தில் கட்டுவதும் கடலில் கரைப்பதும் நம் தாத்தன் பூட்டன் செய்தது. அந்தப் பையனும் அப்படியே சொன்னான். அந்தப் பக்கம் ஒரு மூச்சு உள்ளே போனது. வெளியே வரவில்லை. நான் அதைத் திமிர் என்று நினைத்தேன். மனசே, என்ன கேட்டிருப்பாள் அவள்? காலில் ஆரம்பித்து ஒவ்வொன்றாக எடுத்து நிற்க வைத்துவிட்டு வந்து கைச்சூடு ஆறாமல் உட்கார்ந்திருக்கிறாள், அவனைப் பெற்ற வீட்டிலிருந்து சொல்கிறார்கள், உன் புருஷனை வீட்டை விட்டு வெளியே தள்ளு, மரத்தில் தொங்கவிடு, குப்பை மாதிரி கொட்டு. அப்படித்தான் விழுந்திருக்கும் அவள் காதில். வேறு எப்படி விழும்? அதற்குப் பிறகுதானே அவள் பேச்சு சுருங்கிப்போனது, வந்து நின்று குனிந்துவிட்டு, அம்மா சாப்பிட்டாச்சா என்று அவன் சொல்லிக்கொடுத்த ஒரே தமிழைச் சொல்லிவிட்டு, வைத்துவிடுவாள். மின்விசிறி கிறீச் கிறீச் என்கிறது. கேட்காதே என்கிறாயா? கேட்காமல் எப்படி விடுவது? நான் பெற்றவன், நான் கரைக்க வேண்டாமா? நான் சாவதற்குள் கடல் தண்ணீரில் அவனை விட வேண்டாமா? இல்லாவிட்டால் என் கட்டை வேகுமா? ஆனால் கேட்டால் திரும்பவும் அந்த மூச்சு உள்ளே போகும். இந்தத் தடவை வெளியே வராமலே போய்விட்டால்? அவளும் போய்விட்டால் லோகு என்று ஒருத்தன் இருந்தான் என்று என்னோடு பேச யார் இருக்கிறார்கள்? கேட்கவும் வேண்டும், கேட்கவும் கூடாது. இதற்கு எந்தப் பாஷையில் சொல் இருக்கிறது, டீச்சரைக் கேட்டால் சொல்வாரா?

இரு. வேறொன்று முள்ளாகக் குத்துகிறது. இரண்டு பேர் என்றாரே டீச்சர். எதிரும் புதிருமாக இரண்டு பேர். சொந்தக்காரர். லோகுவுக்கு அங்கே யார் சொந்தம்? மெகுமிக்கு அப்பா அம்மா கிடையாது, அது தெரிந்துதான் "அம்மா, இவளுக்கும் நீதான்" என்றான் லோகு. ஆம்பூர்ப் பையன் சொன்னானே, எங்களை உள்ளே விடவில்லை, வாசலில் நின்றோம் என்று. அப்படியானால் அவள் ஒரு பக்கம் நின்று குச்சியை நீட்டினபோது எதிர்ப் பக்கம் யார் நீட்டியது? வேலை செய்கிற ஆளா? யாரோ ஒருத்தனா என் பிள்ளையின் காலைத் தூக்கியது? "பச்சையம்மா, அடுத்த வரி நீங்க சொல்லுங்க" என்கிறார் டீச்சர். என்ன வரி? எழுந்து நிற்கிறேன், முட்டி இடிக்கிறது. டீச்சர் ஒரு தரம் சொல்லிக் காட்டுகிறார், நான் திருப்பிச் சொல்கிறேன், வழுக்காமல் வருகிறது. என்ன அர்த்தம் என்று கேட்கிறார். தெரியவில்லை டீச்சர் என்கிறேன். தெரியும். அப்பா லேசாக இருந்தார் என்று அர்த்தம்.

மணி அடித்துவிட்டது. பெஞ்சுகள் இழுபடுகிற சத்தம், படியில் இறங்குகிற சத்தம், கீழே வண்டிகள் உதைபடுகிற சத்தம். ரியாஸ் போகிறபோது என் தோளில் கையை வைத்து அழுத்திவிட்டுப் போகிறான். இடுப்பில் போன் நடுங்குகிறது. "மருமகளா? பேசுங்க, நான் வெளிய இருக்கேன்" என்கிறார் டீச்சர். "இருங்க டீச்சர், போவாதீங்க" என்கிறேன். அவர் அழிப்பானை எடுத்துக்கொண்டு பலகைப் பக்கம் திரும்பிக்கொள்கிறார். போனை மேசையில் புத்தகத்தின்மேல் சாய்த்து வைத்தேன். மெகுமி. வேலை உடுப்பைக்கூட மாற்றவில்லை, முடி நெற்றியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. குனிகிறாள். நானும் குனிந்தேன், முதல் தடவையாக, டீச்சர் குனிகிற மாதிரியே. அவள் தலை சட்டென்று நிமிர்கிறது. அவள் பின்னால் அலமாரி இல்லை, சின்ன மேடை, வெள்ளைத் துணி சுற்றின ஜாடி, லோகுவின் படம், ஒரு கிண்ணத்தில் சோறு. சூடான சோறுதான், ஆவி தெரிகிறது. கோத்து வைத்த நாலு சொல்லும் தொண்டைவரைக்கும் வந்து நிற்கின்றன. எலும்பு, கடல், மகன், திருப்பிக் கொடு. வாயைத் திறந்தால் வேறு வருகிறது. லோகுவின் எலும்பு, என்றேன் அவள் பாஷையில். நீ இந்தப் பக்கம், என்று என் ஆள்காட்டி விரலை நிறுத்தினேன். அந்தப் பக்கம் யார், என்று இன்னொரு விரலை எதிரே நிறுத்தினேன். மூச்சு உள்ளே போகிறது. அதே மூச்சு. பலகையில் அழிக்கிற சத்தம் நின்றுவிட்டது. நான் என் இரண்டு விரலையும் மடக்காமல் அப்படியே வைத்திருக்கிறேன், மடக்கினால் எல்லாம் முடிந்துவிடும் போல் இருக்கிறது. பிறகு மூச்சு வெளியே வந்தது. மெதுவாகச் சொன்னாள், ஒவ்வொரு சொல்லையும் பிள்ளைக்குச் சொல்வதுபோல் விட்டுவிட்டுச் சொன்னாள், என் காது ஒன்றையும் விடவில்லை. யாருமில்லை. அங்கே வேலை செய்கிறவர் நான் பிடிக்கிறேன் என்றார். வேண்டாம் என்றேன். அது அம்மாவின் இடம். அம்மா வரவில்லை. யாரையும் நிற்க விடவில்லை.

நான் என்ன சொன்னேன் என்று எனக்கே தெரியாது, மனசே, நீயாவது கேட்டிருந்தால் சொல். தமிழில் ஏதோ சொன்னேன், அழுதுகொண்டே சொன்னேன். மரத்தில் கட்டுவது எங்கள் ஊர் மரியாதை என்றேனோ, அவனைத் தொங்கவிடச் சொல்லவில்லை என்றேனோ, கடலில் விட்டால்தான் எங்களுக்கு அவன் போய்ச் சேருவான் என்றேனோ. டீச்சர் என் பின்னால் வந்து நின்று, நான் சொன்னதை எல்லாம் தாழ்ந்த குரலில் அவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். மெகுமி கேட்டுக்கொண்டே இருந்தாள். கரைப்பது, அனுப்புவது, மரம், மரியாதை, எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு எழுந்து போனாள். படத்துக்குள் சோற்று ஆவி மட்டும் ஆடியது. போய்விட்டாள் என்று நினைத்தேன், வைத்துவிடப் போகிறாள் என்று நினைத்தேன். திரும்பி வந்தாள், கையில் இன்னொரு ஜாடி, உள்ளங்கையில் அடங்குகிற அளவு, புதிசு. எப்போது வாங்கினாளோ, யாரைக் கேட்டு வாங்கினாளோ. அதை எனக்குக் காட்டி, கடல் என்றாள். பெரிய ஜாடியைத் தொட்டு, எனக்கு என்றாள். துணியை அவிழ்த்தாள், மூடியைத் திறந்தாள், போனைத் தூக்கி மேடையின் அந்தப் பக்கம், தனக்கு நேர் எதிரே நிறுத்தி வைத்தாள். இரண்டு குச்சியை எடுத்தாள், ஒன்று மூங்கில், ஒன்று வேறு நிறம். உள்ளே விட்டு, மேலாக இருந்ததை எடுத்தாள். வெள்ளையாக, போனில் பார்க்க என் சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிசாக, சின்னதாக ஒருத்தர் கைகூப்பி உட்கார்ந்த மாதிரி. அவன் குரல் இருந்த இடம். அம்மா, என்றாள், தூக்கின கையோடு நின்றாள். எதற்கு நிற்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. மேசைமேல் இரண்டு பென்சில் கிடந்தன, ஒன்று என்னுடையது, ஒன்று யாரோ விட்டுப் போனது. இரண்டையும் டீச்சர் பழக்கின மாதிரி விரலுக்குள் பிடித்து, போன் கண்ணாடிமேல், அந்த வெள்ளைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தேன். என் கை வழி தெரியாமல் அப்படியும் இப்படியும் போனது. அவள் அவசரப்படவில்லை. என் பென்சில் போன பக்கமே தன் குச்சியையும் கொண்டுபோனாள், நான் நின்ற இடத்தில் நின்றாள், நான் தாழ்த்தினபோது தாழ்த்தினாள், என் கை தானாக வந்து சேரும்வரை காத்திருந்து, அவனைச் சின்ன ஜாடிக்குள் இறக்கி வைத்தாள்.